மார்பெலும்பு இங்கே, கால் பாரிஸில்

அறுவடை முடிந்து தண்ணீர் தேங்கிய மடுகரை வயலில் பவளக்காலி இறங்கினால், வரப்பில் நிற்பவர்கள் கண் முதலில் போவது அதன் காலுக்குத்தான். இளஞ்சிவப்பில் இரண்டு நீளக் குச்சிகள். "முட்டி பின்னால மடங்குது பாரு" என்பார்கள். மடங்குவது முட்டி இல்லை, கணுக்கால். நிஜ முட்டி வயிற்றோரம் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. தொடையெலும்பு குட்டை, அது கீழே தொங்காமல், கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் முன்னோக்கிக் கிடக்கும். கணுக்காலுக்குக் கீழே நாம் கால் என்று நினைக்கும் தண்டு உண்மையில் பாதம். நமக்குப் பாதத்தில் தனித்தனியாக இருக்கும் எலும்புகள், பறவைக்கு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கம்பாக நீண்டுவிட்டன. விரல்களை மட்டும் தரையில் ஊன்றிக் குதிகாலை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டுதான் இந்தச் சாதி முழுக்க நிற்கிறது, நடக்கிறது, தூங்குகிறது.

இப்படியொரு கால் புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குப் போனது. பவளக்காலியின் கால் அல்ல, அதன் தூரத்துச் சொந்தமான மணல் உப்புக்கொத்தியின் கால். அதில் சிறியது, பெரியது என்று வகை உண்டு, இது பெரியது. மடுகரை வரை இது வராது, கடலோரச் சேற்றோடு நின்றுவிடும். துருக்கியிலிருந்து மங்கோலியா வரை பரந்த வறண்ட நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா கரைகளுக்குக் கிளம்பும். எடை 100 கிராமுக்கு முன்பின்.

1816 டிசம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர் லெஷெனோ தெ லா தூர். பறவைக்காரர் அல்ல, தாவரவியலாளர். செடி, விதை சேகரிப்பதும், பயிராகக்கூடியவற்றை ரெயூனியன் தீவுக்கு அனுப்புவதும் அவருக்கு வேலை. அதற்கு முன்பே போதேன் தலைமையிலான ஆஸ்திரேலியப் பயணத்தில் போய், வழியில் நோய்ப்பட்டு, திமோரில் இறங்கிக்கொண்டவர். பிறகு ஜாவாவில் இருந்தபோது அங்கே அம்பில் தடவும் உபாஸ் விஷத்தை ஆராய்ந்தார். புதுச்சேரிக் கரையில் திரிந்த சின்னப் பறவையையும் விடவில்லை. இவர் புதுச்சேரியிலிருந்து அனுப்பிய உப்புக்கொத்தியைத்தான் பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெஸ்ஸோன் 1826-இல் புது இனமாக எழுதினார். பெயரும் லெஷெனோவின் பெயரே: கராட்ரியஸ் லெஷெனோல்ட்டி. அந்த ஆண்டிலேயே லெஷெனோ பாரிஸில் இறந்துபோனார். அறிவியல் ஏட்டில் இந்த இனத்தின் மூல இடமாக இன்றும் இருப்பது புதுச்சேரி.

சூயஸ் கால்வாய் வரும் முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் கப்பல் போகவேண்டும். மாதக்கணக்கில் கடல். முழுப் பறவையை அனுப்பினால் அழுகிவிடும், அதனால் தோலாக்கி அனுப்புவார்கள். லெஷெனோவின் பறவையும் அந்த வழக்கப்படிதான் போயிருக்க வேண்டும்.

தோல் உரிப்பது நுட்பமான வேலை. மார்பெலும்பின் கீழ்முனையிலிருந்து குதம் வரை ஒரு கீறல். இரண்டு பக்கமும் தோலைத் தளர்த்தி, காலை உள்ளிருந்து வெளியே தள்ளினால் முட்டி தெரியும். அந்த மூட்டில் வெட்டு. கீழ்க்காலெலும்பு தோலோடு நிற்கும், தொடையெலும்பு உடலோடு போகும். வாலடியில் ஒரு வெட்டு, தோளோரம் இரண்டு. பிறகு கையுறையைக் கழற்றுவதுபோல் தோலைக் கழுத்து வழியாகத் தலைவரை புரட்டுவார்கள். மண்டையின் பின்புறம் கழுத்தை அறுத்து, மூளையையும் கண்ணையும் வழித்தெடுத்து, காலிலும் இறக்கையிலும் ஒட்டிய சதையைச் சுரண்டி, பஞ்சு சுற்றி மறுபடி புரட்டினால் பறவை திரும்ப வந்துவிடும், நடுவில் ஒன்றுமில்லாமல். பூச்சி அரிக்காமலிருக்க உள்ளே ஆர்செனிக் சோப்பு. மெஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் பெக்கூர் கண்டுபிடித்து, சாகும்வரை ரகசியமாக வைத்திருந்த கலவை அது. பாரிஸ் அருங்காட்சியகத்தின் துஃப்ரேன் 1800-களின் தொடக்கத்தில் அதை ஊரறியச் செய்தார். அம்பு விஷத்தை ஆராய்ந்தவருக்கு இந்த விஷம் புதிதாக இருந்திருக்காது.

இனி கணக்குப் பார்க்கலாம். பாரிஸுக்குப் போனவை: மண்டை, அலகு, இறக்கையின் எலும்புகள், முட்டிக்குக் கீழான கால்கள், வாலின் கடைசி எலும்பு. இங்கேயே நின்றவை: முதுகெலும்பு, விலா, இடுப்பு, இரண்டு தொடைகள், கவட்டையெலும்பு, மார்பெலும்பு. வெட்டி எறிந்தது குப்பைக்குப் போயிருக்கும், அல்லது நாய்க்கு.

எனக்கு அந்த மார்பெலும்பின் மேல்தான் ஆதங்கம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிற பறவையின் வலிமை முழுக்க அதில் இருக்கிறது. நடுவில் கப்பலின் அடிக்கட்டைபோல் எழும்பி நிற்கும் முகடு. அதன் இருபுறமும் இறக்கையை அடிக்கும் தசை. பின்விளிம்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு வெட்டுகள், உப்புக்கொத்திக் குடும்பத்தில் வழக்கமாகக் காண்பது. அந்தக் காலத்துப் பாரிஸுக்குத் தேவைப்பட்டதும் இதே எலும்புதான். பறவைகளை மார்பெலும்பை வைத்து வகைப்படுத்தலாம் என்று விலங்கியலாளர் பிளான்வில் 1815-இல் சொன்னார். அவர் வழியில் போன லெர்மினியே 1827-இல் பறவைகளின் மார்பெலும்பு பற்றித் தனி ஆராய்ச்சியே வெளியிட்டார். லெஸ்ஸோன் பெயர் வைத்த மறு ஆண்டு! புதுச்சேரியில் யாரோ கத்தியோடு உட்கார்ந்து "இது வேண்டாம்" என்று ஒதுக்கிய எலும்புக்காகப் பாரிஸில் ஒரு நூல் தயாராகிக்கொண்டிருந்தது.

போனவற்றிலும் விஷயம் குறைவில்லை. மண்டையை மேலிருந்து பார்த்தால் கண்குழிகளுக்கு மேலே இரண்டு பள்ளங்கள் தெரியும். உப்புச் சுரப்பிகள் குந்துகிற இடம் அது. உவர்நீரில் மேய்ந்து உடம்பில் சேரும் உப்பை அவை மூக்கு வழியாக வெளியேற்றுகின்றன. கண்குழி பெரிது, அலகு குட்டை: ஓடு, நில், பார், கொத்து என்பதே இதன் இரை தேடும் முறை. பக்கத்திலேயே மேயும் உள்ளானுக்கு நேர்மாறு. அதன் நீண்ட அலகின் நுனியெலும்பில் நுண்ணிய குழிகள் நிறைந்திருக்கும். அவற்றுக்குள் உணர்வு முனைகள். சேற்றுக்குள் இருக்கும் புழுவை அது பார்ப்பதில்லை, தொட்டு அறிகிறது. உப்புக்கொத்திக்குப் பின்விரலும் கிடையாது. மரக்கிளையைப் பற்ற வேண்டிய தேவை இல்லாத, மணலில் ஓடுகிற பறவைக்கு மூன்று விரல் போதும்.

பறவை எலும்பு பஞ்சுபோல் லேசு என்று பள்ளியில் படித்தோமே, அதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். உயிரியலாளர் எலிசபெத் துமோன் 2010-இல் பறவை, வௌவால், எலி மூன்றின் எலும்பையும் அளந்து, பறவை எலும்பின் பொருளே அடர்த்தி கூடியது என்று காட்டினார். மெல்லியது, ஆனால் விறைப்பானது.

சிறிய மணல் உப்புக்கொத்தியையும் பெரியதையும் பிரித்தறிவதில் இன்றும் பறவை பார்ப்பவர்கள் திணறுவார்கள். குளிர்காலத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். உடல் பருமனோடு அலகின் நீளமும் காலின் நீளமும்தான் கைகொடுக்கும். தோலோடு போய்ச்சேர்ந்த எலும்புகள் சரியாக அவையே. கோடியக்கரையில் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக வலையில் பிடிக்கும் நீர்க்கரைப் பறவைகளையும் கணுக்காலுக்குக் கீழான தண்டை அளவுகோலில் வைத்து அளக்கிறார்கள். ஒரு வித்தியாசம்: வளையம் மாட்டி, மார்பெலும்போடு முழுசாகப் பறக்க விட்டுவிடுகிறார்கள்.

பெயரின் பயணம் இன்னும் முடியவில்லை. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு வகைப்பாட்டாளர்கள் மணல் உப்புக்கொத்திகளைக் கராட்ரியஸ் பேரினத்திலிருந்து எடுத்து அனாரிங்கஸ் என்னும் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். லெஷெனோல்ட்டி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அனாரிங்கஸ் வீட்டின் பழைய குடித்தனக்காரர் நியூசிலாந்துப் பறவை ஒன்று. கூழாங்கல்லுக்கு அடியில் இரை எடுக்க வாகாக, அதன் அலகு பக்கவாட்டில் வளைந்தே வளர்கிறது, எப்போதும் வலப்பக்கமாக.