அம்மியும் அடுப்படிக் கல்லும்

திருமண நாளில் மணமகள் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறாள். கல்லைப்போல் உறுதியாய் நிற்க வேண்டும் என்பது அச்சடங்கின் கருத்தென்று பெரியோர் கூறுவர். அஃது ஒருபுறம் இருக்க, உறுதிக்கு அடையாளமாகக் கோயில் தூணையோ கோட்டை மதிலையோ கொள்ளாது, மிளகாய் அரைக்கும் கல்லைக் கொண்டார்களே, ஏன்? வீட்டினர் நாள்தோறும் கையால் தொட்டுப் பழகிய கல் அதுவே என்பதுதான் விடையாக இருத்தல் வேண்டும்.

இன்று எங்கள் லூமுட் வட்டாரத்தில் தோட்ட லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல, தாமான் வீடுகளில் வாழ்கின்றன. கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்கள் முதலில் செய்ய விரும்புவது அடுப்படியைப் புதுக்குதல். அதில் முதலிடம் பெறுவது பளபளக்கும் கருங்கல் மேடை. பள்ளிக்கு வரும் பெற்றோர், பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசி முடித்தபின், “எந்தக் கல் போடலாம் சார்?” என்று கேட்பதும் உண்டு. கேட்பவர்க்கு விடை கூறும் தகுதி எனக்கு ஒரு பிழையினால் வந்தது.

சில ஆண்டுகட்கு முன், வெண்மையைக் கண்டு மயங்கி ஒரு பலகைக்கல்லை என் வீட்டு அடுப்படியில் பதித்தேன். விற்றவர் அதனைக் கிரானைட் என்றார். ஆறு திங்களுக்குள் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அதில் ஊறி, எத்துணைத் தேய்த்தும் போகாத கறைகளாயின. பால்மரக் காட்டில் வாழ்நாளெல்லாம் உழைத்த என் தாயார் அதனைப் பார்த்துவிட்டு, “வாங்குறதுக்கு முன்ன கல்லைத் தட்டிப் பாத்தியாப்பா? தண்ணி தெளிச்சுப் பாத்தியா?” என்று கேட்டார். அம்மி வாங்கும்போது அவர் செய்த சோதனைகள் அவை. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு அவை தெரியவில்லை. அம்மியைக் கைவிட்டபோது அம்மியைத் தேரும் அறிவையும் நாம் கைவிட்டுவிட்டோம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கோயிலுக்கு முன்னரே அடுப்படி

தமிழர் கருங்கல்லை முதன்முதலில் கோயிலில்தான் ஆண்டனர் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி அது எடுக்கப்பட்டதென்று அங்குள்ள கல்வெட்டு பெருமிதத்தோடு அறிவிக்கின்றது. அவை இன்றிக் கோயில் அமைத்தல் அந்நாளில் புதுமை என்பது இதனால் பெறப்படும். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பல செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். 1010ஆம் ஆண்டில் இராசராசன் தஞ்சையில் பெருங்கோயிலை முடித்தான். தஞ்சைக்கு அண்மையில் கருங்கற் பாறை இல்லை. அத்துணைக் கல்லும் வெளியிலிருந்து கொணரப்பட்டதே.

கோயிலுக்குக் கல் வருமுன் இறந்தாரைப் புதைத்த இடங்களிலும், போரில் பட்ட வீரனுக்கு எடுத்த நடுகல்லிலும் அது நின்றது. அவற்றிற்கும் முன்னர் அது நின்ற இடம் அடுப்படி. வடாற்காட்டுப் பகுதியிலுள்ள பையம்பள்ளியில் அகழ்ந்தபோது புதிய கற்கால மக்களின் குடியிருப்பு வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த பொருள்களுள் அரைக்கும் கற்களும் உள. அரசனும் சிற்பியும் கல்லைத் தேடுவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, சோறு ஆக்கிய கைகள் அதனைத் தேடித் தேர்ந்துவிட்டன.

நாம் வாழும் இந்நாட்டிலும் கல்லின் தொடர்பு பழையது. கெடாவில் மெர்போக்கு ஆற்றுப் பக்கம் புக்கிட் பாத்து பாஹாட் என்னுமிடத்தில் கருங்கல்லால் எடுத்த பழங்கோயிலின் அடித்தளத்தை இன்றும் காணலாம். ‘பாத்து பாஹாட்’ என்றால் செதுக்கிய கல் என்பது பொருள். எங்கள் கரைக்கு எதிரே கிடக்கும் பங்கோர்த் தீவின் குன்றுகளும் கருங்கற் குன்றுகளே. மலாய்க்காரர் அடுப்படியில் உள்ள ‘பாத்து கிலிங்’ நம் அம்மிக்கும் குழவிக்கும் உடன்பிறப்புப் போன்றது.

சொரசொரப்பும் பளபளப்பும்

அம்மிக்கு வேண்டுவது சொரசொரப்பு. வழவழத்துப் போன அம்மியில் மிளகாய் வழுக்குமேயன்றி மசியாது. ஆதலால் உளியால் அதனைக் கொத்திக்கொடுப்பவர் தெருத்தெருவாய் வந்தனர். மேடைக்கல்லுக்கு வேண்டுவதோ இதற்கு நேர்மாறு. கல் கண்ணாடிபோல் இருத்தல் வேண்டும்.

கருங்கல்லை மெருகேற்றும் கலையும் புதியதன்று. பீகாரிலுள்ள பராபர்க் குகைகளின் சுவர்கள், கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் காலத்திலேயே முகம் தெரியும்படி மெருகேற்றப்பட்டவை. எனினும் அது அரசனுக்கே இயன்ற செயல். 1830களில் இசுக்காத்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாந்தர் மெக்டொனால்டு என்பார் நீராவிப் பொறியால் கருங்கல்லை மெருகிடத் தொடங்கினார். அமெரிக்கரான அச்சிசன் கண்ட கார்போரண்டம் என்னும் கடும்பொருளுக்கு 1893இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் வைரத்துகள் பதித்த வாள்கள் வந்தன. சிற்பி பன்னாள் வருந்திச் செய்த வேலையைப் பொறி சில மணியில் முடித்தது. வேந்தன் குகையில் கண்ட பளபளப்பு தோட்டத் தொழிலாளியின் மகள் வீட்டுக்கும் வந்தது.

அரைக்கும் தொழிலும் அற்றுப்போகவில்லை. 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பார் ஆட்டுக்கல்லை மின்விசையோடு இணைத்தார். அதிலிருந்து வளர்ந்த கிரைண்டர் இன்று மேடைமேல் அமர்ந்திருக்கின்றது. ஆகவே, நம் அடுப்படியில் கல் இரண்டாகப் பிரிந்ததென்றே கூறலாம். அரைக்கும் கல் பொறிக்குள் புகுந்தது. தாங்கும் கல் மேடையாயிற்று.

பெயரில் உள்ள மயக்கம்

கிரானைட் என்பது வணிகர் வாயில் ஒரு பொருளும், நிலநூலார் வாயில் ஒரு பொருளும் உடைய சொல். நிலநூலார்க்கு அது படிகக்கல்லும் பெல்சுபாரும் மிகுதியாய்ச் சேர்ந்து, நிலத்தினடியில் மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறை. வணிகர்க்கோ கடினமாய் இருந்து மெருகு ஏற்கும் எக்கல்லும் கிரானைட்டே. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருங்கல், நிலநூற்படி டாலரைட் வகை. சென்னைப் பல்லாவரத்துக் கல்லின் வரலாறு சுவையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த தாமசு ஆலந்து, அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893இல் அதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். தமிழ்நாட்டுக் கல் ஒன்று வங்கக் கல்லறையில் கிடந்த ஆங்கிலேயர் பெயரால் உலக நூல்களில் வழங்குகின்றது!

பெயரை மட்டும் நம்பி வாங்குதல் தவறென்பதற்கு இவையே சான்று. நான் வாங்கியதும் கிரானைட் என்னும் பெயருக்கு உரியதுதான். ஆனால் அது நுண்துளை மிக்க கல்.

தேரும் முறை

சிற்ப நூல்கள் கல்லை ஓசையால் பகுக்கின்றன. மணிபோல் ஒலிப்பது ஆண் கல், தாளம்போல் ஒலிப்பது பெண் கல், ஒலி எழாதது அலிக் கல் என்பது வழக்கு.  என் தாயார் அந்நூல்களைக் கேள்விப்பட்டதும் இல்லை. ஆயினும் அம்மியைத் தட்டிக் கேட்டார். இன்றும் அச்சோதனை பயன்படும். நிமிர்த்தி நிறுத்திய பலகையை விரல்மொட்டால் பல இடங்களில் தட்டுக. ஓரிடத்தில் மட்டும் ஓசை மழுங்கினால் அங்கே கீறல் இருக்கலாம். பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். வலை ஒட்டியிருந்தால் அது தானே நில்லாத மென்கல் என்று ஐயுறலாம்.

இரண்டாவது, நீர்ச் சோதனை. சில துளி நீரை விட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். துடைத்த பின்னும் அவ்விடம் கருத்திருந்தால் கல் நீரை உறிஞ்சுகின்றது என்பது பொருள். அக்கல்லே வேண்டுமாயின், துளையடைக்கும் பூச்சை முன்னரே பூசி, ஆண்டுதோறும் நீர் விட்டுச் சோதித்து, வேண்டும்போது மீண்டும் பூசுதல் வேண்டும்.

மூன்றாவது, புளிச் சோதனை. ஈப்போவைச் சூழ்ந்தவை சுண்ணாம்புக்கல் மலைகள். நாம் வணங்கும் கல்லுமலைக் கோயிலின் மலையும் அத்தகையதே. பளிங்கும் அவ்வினமே. புளியும் எலுமிச்சைச் சாறும் பட்டால் பளிங்கின் மெருகு அரிக்கப்படும். நாள்தோறும் புளி கரைக்கும் நம் அடுப்படிக்கு அது ஆகாது. கடையில் கேட்டுப் பெற்ற துண்டுக்கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். கருமை மிக்க கல்லாயின், நகச்சாயம் போக்கும் நீர்மத்தில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்க வேண்டும். துணி கருத்தால் அது சாயம் ஏற்றிய கல்.

பதிக்கும் முறை

2 சென்டிமீட்டர் கனமும் 2 அடி அகலமும் 10 அடி நீளமும் கொண்ட பலகை ஏறத்தாழ 100 கிலோ நிறை உடையது. அதனைப் படுக்கையாய்த் தூக்கினால் நடுவே முறியும். நிமிர்த்தியே தூக்குதல் வேண்டும். அடியிலுள்ள சுவரோ பெட்டியோ மட்டம் பிசகாது இருத்தல் வேண்டும். மேடுபள்ளத்தின்மேல் வைத்த கல் என்றேனும் ஒருநாள் வெடிக்கும். அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் வெட்டும் பள்ளத்தின் மூலைகளைச் சற்றே வளைவாக வெட்டச் சொல்ல வேண்டும். கூர்மூலையிலிருந்தே கீறல் புறப்படும். இரண்டு பலகைகள் சேரும் இடம் தொட்டியின்மேல் வாராதபடி பார்த்துக்கொள்ளல் நன்று.

மேடையின் உயரத்தைத் தச்சரும் கொத்தரும் முடிவு செய்தல் கூடாது. வழக்கமான அளவு 34 முதல் 36 அங்குலம். எனினும், நின்று சமைப்பவரின் முழங்கைக்குச் சில அங்குலம் தாழ இருப்பதே உரிய அளவு. குந்தியிருந்து அரைத்த தலைமுறைக்கு முதுகு நோவே பரிசாயிற்று. நின்று சமைக்கும் தலைமுறைக்கும் அதுவே கிட்டுதல் வேண்டா.

அறுப்பவர் மூச்சு

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. கருங்கல்லில் உள்ள படிகக்கல் அறுக்கும்போது நுண்தூளாகின்றது. அத்தூள் நெஞ்சுக்குள் புகுந்தால் நுரையீரல் இறுகிப்போகும். அந்நோய் திரும்பத் தீராதது. செயற்கைப் பிசினால் ஒட்டிச் செய்யும் குவார்ட்சுப் பலகைகளில் இப்பொருள் நூற்றுக்கு 90 பங்கிற்கு மேலும் இருப்பதுண்டு. அவற்றை அறுத்த இளைஞர் பலர் நோயுற்றமையால் ஆத்திரேலியா 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொட்டு அப்பலகைகளைத் தடை செய்தது.

ஆகவே, கல்லைப் பட்டறையிலேயே நீர் விட்டு அறுத்துக் கொணரும்படி கேட்க வேண்டும். வீட்டு முற்றத்தில் உலர்வாய் அறுக்க ஒருபோதும் இசையலாகாது. என் வீட்டில் முதற் கல்லைப் பதித்த தம்பி, வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெண்புகையின் நடுவே குனிந்திருந்தார். நான் நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். கறை படிந்த கல்லை மாற்றிவிட்டேன். அக்காட்சியை மாற்ற என்னால் இயலவில்லை.

இரண்டாம் முறை கல் தேரச் சென்றபோது தாயாரையும் உடன் அழைத்துச் சென்றேன். அவர் தட்டிக் கேட்டும், நீர் தெளித்துப் பார்த்தும் ஒரு கரிய பலகையைக் காட்டினார். அதனைப் பட்டறையில் நீர் விட்டே அறுத்தனர். தோட்டத்திலிருந்து அவர் கொணர்ந்த அம்மி இன்று பின்கட்டில், மேடையின்மேல் அன்று, தரையில் கிடக்கின்றது. குழவியின் அடியைத் தாங்கத் தரையே தக்கது. பொங்கலன்று அதில் அரைக்கிறோம். எங்கள் பள்ளி மாணவர் சிலரை ஒருநாள் அழைத்து வந்து அதனைத் தட்டிக் கேட்கச் சொன்னேன். மணியோசை எழுந்தது. அவ்வோசையைக் கேட்டறிந்த பிள்ளை நாளை தன் வீட்டுக்குக் கல் வாங்கும்போது ஏமாறமாட்டான்.