தீவகக் கலப்பு மின்திட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குச் சூரியகலம், காற்றாலை, மின்கலத் தொகுதி, டீசல் மின்பிறப்பாக்கி ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்கும் திட்டம். காலநிலைக் கொள்கையும் வல்லரசுப் போட்டியும் சிறு தீவுகளின் வாழ்வில் குறுக்கிடுவதற்கு இது தெளிவான சான்று.

பின்னணி

தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே இருந்த இத்தீவுகளுக்கு இலங்கை மின்சார சபை டீசலைக் கொண்டே மின்சாரம் வழங்கியது. எரிபொருள் முழுவதும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் தேசிய வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாடும் எண்ணெயையே நம்பியிருந்தது. வற்றாத ஆறுகளற்ற அந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்று நீரே முக்கியக் குடிநீர் ஆதாரம்; எனவே எண்ணெய்க் கசிவு குடிநீருக்கே ஆபத்து. குடாநாட்டின் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில், அங்கு இயங்கிய தனியார் அனல்மின் நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாற்றுவழி

ஜேர்மனி 2000ஆம் ஆண்டில் இயற்றிய புதுப்பிக்கத்தக்க வலுச் சட்டம் சூரியகலங்களுக்குப் பெரும் சந்தையைத் திறந்தது. சீன உற்பத்தி பெருகி, விலை சரிந்தது. டீசலை நம்பிய தொலைதூரத் தீவுகளுக்கும் சூரிய மின்சாரம் கட்டுபடியானது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவுடன் அருகிலுள்ள எழுவைதீவில் முன்னோடிக் கலப்பு நிலையம் அமைக்கப்பட்டது.

சர்ச்சை

ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் நிதியில் மூன்று தீவுகளுக்கான திட்டம், சர்வதேசக் கேள்விமனு மூலம் 2021 ஜனவரியில் சீனாவின் சினோசோர்–ஈடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு அருகே சீனா கால்பதிப்பதை இந்தியா எதிர்த்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது.

2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது, இத்திட்டத்தை இந்திய உதவியுடன் நிறைவேற்றுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. கடனுக்குப் பதிலாக இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடை வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரின் யு சோலார் நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்று மணிநேர மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற்று மாற்று டீசல் வலு என்பன அதன் கூறுகள்.

முக்கியத்துவம்

2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது இலங்கையின் இலக்கு. தீவகத்தில் அந்த இலக்குக்குத் தடையானது தொழில்நுட்பமோ பணமோ அல்ல. முதல் ஒப்பந்தத்துக்கும் இறுதி ஒப்பந்தத்துக்கும் இடையிலான மூன்று ஆண்டுகளை அரசுகளின் பாதுகாப்புக் கணக்கே விழுங்கியது. அக்காலம் முழுவதும் தீவுவாசிகள் டீசலையே நம்பியிருந்தனர். கடன் நன்கொடையானது நாட்டுக்கு ஆதாயமே. ஆயினும் காலநிலை நிதியின் பயனை அளக்கும்போது, அது உரிய காலத்தில் மக்களைச் சென்றடைந்ததா என்பதையும் கணக்கில் கொள்வதே நீதி.