எபிரேய இறைவாக்கினர் காட்டும் வழிபாடு

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், 'வழிபாடு' என்னும் சொல்லை ஈண்டு நோக்க விழைகிறேன். வழியிற்படுதல், அதாவது ஒருவர் சென்ற வழியே ஒழுகுதல் என்பதே அச்சொல்லின் உறுப்புகள் தரும் பொருள். வழக்கிலோ பூவும் நீரும் இட்டுப் போற்றுதல் என்னும் பொருளே மேலோங்கி நிற்கிறது. இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட தொலைவையே எபிரேய இறைவாக்கினர் தம் நாட்டார்க்குச் சுட்டிக் காட்டினர்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ், தெக்கோவா ஊரினர், ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பேணியவர். இரண்டாம் எரொபவாம் ஆண்ட வட இசுரயேல் அன்று செல்வச் செழிப்பில் இருந்தது. பெத்தேல் திருத்தலத்தில் விழாக்களும் பலிகளும் குறைவற நடந்தன. ஆயினும் எளியோர் ஒரு சோடி மிதியடிக்கு ஈடாக விற்கப்பட்டனர். வணிகர் எடையிற் பொய் செய்தனர். இத்தகையோர் எடுக்கும் விழாவை இறைவன் வெறுக்கிறான் என்றார் ஆமோஸ். அவ்விடத்துக் குரு அமட்சியா அவரை நாட்டை விட்டு அகலுமாறு பணித்தான். அந்நூற்றாண்டினரான மீக்காவோ, நேர்மையாக நடத்தல், இரக்கத்தை விரும்புதல், இறைவனோடு பணிவாக நடத்தல் என மூன்றே கடன்களைக் கூறினார். இறைவனைப் பின்பற்றுதல் அவர்க்குக் காலால் நடக்கும் நடை போன்றது, நாள்தோறும் நிகழ்வது.

எபிரேயத்தில் செவிமடுத்தலுக்கும் கீழ்ப்படிதலுக்கும் ஒரே வினை வழங்குகிறது. தமிழரும் 'சொற்பேச்சுக் கேள்' என்று பிள்ளைகளிடம் கூறுகையில் அவ்விரு பொருளையும் ஒருங்கே கொள்கிறோம். ஆகவே இந்நூல்களின் உட்கருத்து நம் மொழிக்கு அயலானதன்று.

எனினும் மொழிபெயர்ப்பு வரலாறு எளிதாக அமையவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத் நூல் வரை பெயர்த்து 1719இல் மறைந்தார். எஞ்சிய பகுதியைச் சூல்ட்சே முடித்தார். பின்னர்ப் பப்ரிசியுவின் பெயர்ப்பும், பவர் தலைமையிற் குழுவினர் திருத்திய 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பும் தோன்றின. பவர் பெயர்ப்பில் நிலைபெற்ற சொல் 'தீர்க்கதரிசி'. நெடுந்தொலைவு காண்பவர் என்பது இதன் பொருள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்றது. முன்னது வருவதுரைப்பவரை நினைவூட்டுகிறது. பின்னது இறைவன் சொல்லை எடுத்துரைப்பவரைக் காட்டுகிறது. ஆமோசு நூலைப் படிப்போர் பின்னதே பொருத்தம் என்பதை உணர்வர். அவர் பேச்சின் பெரும்பகுதி நாளைய நிகழ்ச்சி பற்றியதன்று; அன்றைய அநீதி பற்றியது.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. இறைவாக்கினருட் பலர் பாவலர். அடிக்கு அடி இணைந்து வரும் அவர்தம் யாப்பமைதியை 1753இல் வெளியான தம் சொற்பொழிவுகளில் இராபர்ட் லௌத் விளக்கினார். நம் மரபிலும் அரசனுக்கு அறம் உரைக்கும் 'செவியறிவுறூஉ' என்னும் துறை உண்டு. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடிப் பழைய செய்க்கடன் நீக்கம் பெற்றார் எனப் புறநானூற்றுக் குறிப்பு கூறும். கிள்ளிவளவன் கேட்டான், பெத்தேலில் எவரும் கேட்டிலர். கேட்பார் இல்லாவிடத்தும் உரைப்பதே இறைவாக்கினர் நடந்த வழி.

நீதி வற்றாத ஆறென ஓட வேண்டும் என்றார் ஆமோஸ். மழையிற் பெருகிக் கோடையில் வறளும் ஓடைகள் மிகுந்த நாட்டில் எழுந்த உவமை அது. விழாநாளிற் பெருகி மறுநாள் வற்றும் பத்தியை அவர் ஏற்றிலர். நிலக்கரிப் படுகையின் கீழ் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ஓயாது இறைத்தே இவ்வூரிற் சுரங்கம் நடைபெறுகிறது. இறைப்பு நின்றால் நீர் மேலெழும் என்பதை நெய்வேலியார் அறிவர். தம் நிலத்தை விட்டுப் பெயர்ந்த சிற்றூர்களின் மண்மீதே இந்நகர் எழுந்தது என்பதையும் நாம் அறிவோம். அம்மக்களின் நினைவு நம் பாட்டில் இடம்பெறாதாயின், நாம் எடுக்கும் விழாக்களும் பெத்தேல் விழாக்களாகிவிடும். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிதை அவர்களுக்கும் செவிகொடுப்பதாகுக!