மலாயாத் தோட்டங்களுக்கு நாற்றங்காலான பூமலை

சிங்கப்பூர் நகரின் நடுவே 82 ஹெக்டர் பரப்பில் அமைந்துள்ளது, தமிழர்கள் பூமலை என்றழைக்கும் தாவரவியல் பூங்கா. காலை மெதுவோட்டத்துக்கும் வார இறுதி உலாவுக்கும் பலர் நாடும் இந்த இடத்துக்கும் மலாயாத் தமிழர் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் 1822இல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் அமைத்த தோட்டம் 1829இல் மூடப்பட்டது. இப்போதைய பூங்காவை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1859இல் தங்லினில் தொடங்கியது. பாதைகளையும் புல்வெளிகளையும் லாரன்ஸ் நிவன் வடிவமைத்தார். சங்கம் பணத் தட்டுப்பாட்டால் தடுமாறவே, 1874இல் அரசாங்கம் பூங்காவை ஏற்றது. பிறகு பயிர் ஆராய்ச்சிக்கு முக்கியத்துவம் கூடியது.

ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின்வழி 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில பூமலையில் நடப்பட்டன. சில பேராக்கின் கோலகங்சாருக்குச் சென்றன.

1888இல் இயக்குநரான ஹென்றி ரிட்லி, பட்டையை மெல்லிதாகச் சீவி, அதே வெட்டில் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இதனால் மரம் கெடாமல் பல்லாண்டு பலன் தந்தது. தோட்டக்காரர்களிடம் ரப்பர் பயிரிடச் சொல்லி விடாமல் வற்புறுத்தியதால், அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பெயர் வந்தது. 1896இல் டான் சே யான் மலாக்காவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து வந்தது.

அத்தனை மரங்களையும் சீவ ஆள் தேவைப்பட்டது. தோட்ட நிர்வாகங்கள் கங்காணிகளைத் தமிழகக் கிராமங்களுக்கு அனுப்பி ஆள் திரட்டின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரக் காட்டில் உழைத்து, லயங்களில் பிள்ளை வளர்த்த தலைமுறைகள் அப்படி வந்தவையே. இன்றைய மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை அந்தத் தோட்டங்களில்தான் தொடங்குகிறது.

2015 ஜூலை 4ஆம் தேதி பூமலை, சிங்கப்பூரின் முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. ரப்பர் ஆராய்ச்சியில் அதற்கிருந்த பங்கும் இத்தகுதிக்கு ஒரு காரணம்.

பூங்கா காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும்; நுழைவு இலவசம். தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. பூமலை எம்ஆர்டி நிலையத்தில் இறங்கலாம். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியை அழைத்துச் சென்றால், பால்வெட்டுக் கதைகளைப் பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.