பணி ஓய்வும் பணிக்கர் ஓவியமும்

"ஓய்வு பெற்றதும் எழுதுவேன்" என்று கூறும் கவிஞர்கள் நம் வட்டத்திலும் உளர். அவர்தம் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கை என் நினைவில் எழுகிறது. கலையை விட்டு அகல நேர்ந்து, மீண்டும் அதனிடமே வந்து சேர்ந்தவர் அவர். அதுவும் ஒருமுறையன்று, இருமுறை.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர் சிறுவயதிலேயே தூரிகை பிடித்தவர். மலபாரின் தென்னஞ்சோலைகளும் நீர்நிலைகளும் அவருடைய தொடக்ககால நீர்வண்ண ஓவியங்களில் நிறைந்திருந்தன. தந்தையார் மறைவால் குடும்பப் பொறுப்பு வந்து சேர, படிப்பை நிறுத்தித் தந்தித் துறையில் பணி ஏற்றார். சில ஆண்டுகளில் அப்பணியைத் துறந்து, 1936-இல், தம் 25-ஆம் வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராக அமர்ந்தார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் தலைவர். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு மீண்டும் மாணவர் பலகைக்கு வர எத்துணைத் துணிவு வேண்டும்! இது முதல் மீட்சி.

கற்ற இடத்திலேயே ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957-இல் அந்நிறுவனத்தின் முதல்வருமானார். முதல்வர் நாற்காலி எத்தகையது என்பதைக் கல்லூரியில் பணிபுரிவோர் அறிவர். கோப்புகளும் கூட்டங்களும் பகலை விழுங்கிவிடும். அந்நாற்காலியில் அமர்ந்திருந்த காலத்திலேதான் அவருடைய கலை வாழ்வின் பெருந்திருப்பம் நிகழ்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அதுவரை அவருடைய ஓவியங்களில் மேனாட்டாரின், சிறப்பாக வான்கோவின், சாயல் படிந்திருந்ததைத் திறனாய்வாளர் சுட்டுவர். 1954-இல் ஐரோப்பா சென்று புதிய ஓவியப் போக்குகளை நேரில் கண்டு மீண்டவருக்கு, நம் மண்ணுக்குரிய வடிவம் எது என்னும் வினா ஓயவில்லை. விடையோ மிக எளிய பொருளிலிருந்து பிறந்தது. 1963-ஐ ஒட்டி, மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் புத்தகம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் வடிவகணிதக் கோடுகளும் பொருள் உணர்த்தும் தொழிலை விட்டு, வெறும் உருவங்களாகத் தோன்றின. அங்குத் தொடங்கியதே 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை. கணக்குக் குறிகளோடு மலையாள எழுத்தின் சாயல் கொண்ட நுண்வரிகளும், சாதகக் கட்டங்களும், தாந்திரிக வடிவங்களும், மீனும் பாம்பும் போன்ற உருவங்களும் அவ்வோவியங்களில் அடுத்தடுத்து இடம்பெற்றன. தந்திக் குறிகளோடு கழித்த இளமைக்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆசைதான். ஆனால் அதற்குச் சான்றில்லை.

ஓய்வுக்குப் பின் ஓவியன் எங்கே வாழ்வான், எதை உண்பான் என்பதையும் அவர் முன்னரே எண்ணினார். மாணவர்களும் இளங்கலைஞர்களும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. புரவலர் கொடையை எதிர்பாராது கலைஞர் தம் கையுழைப்பால் எழுப்பிய ஊர் அது. மறு ஆண்டு பணிக்கர் ஓய்வு பெற்றார்.

எனவே அவர் ஓய்வுக்குப் பின் திரும்பியது இளமையின் நீர்வண்ணங்களுக்கன்று. நாற்காலியில் இருந்தபோதே கைவந்துவிட்ட, முழுநேரமும் கேட்டு நின்ற ஒரு வேலைக்கே திரும்பினார். 1977-இல் மறையும் வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவ்வரிசையையே வளர்த்தார்.

மொழி கற்பிக்கும் எனக்கு இவ்வோவியங்களோடு ஒரு சிறு பிணக்கும் உண்டு. எழுத்து என்றால் படித்துவிடத் துடிக்கிறது கண். மலையாளம் அறிந்தவரும் இவ்வரிகளைப் படிக்க இயலாது. படிப்பதற்காக அவை எழுதப்படவில்லை. பொருளை வடித்துவிட்ட எழுத்தில் என்ன எஞ்சும் என்று முதலில் சினந்தேன். பழஞ்சுவடி ஒன்றை, அதன் எழுத்து விளங்காத நிலையில், கையில் ஏந்தி நின்றபோதுதான் சினம் தணிந்தது. ஏடு முழுதும் கீறி நிரப்பிய கையின் ஓட்டம் அப்போது தெரிந்தது. பணிக்கரின் ஓவியங்களை இன்றும் முதலில் படிக்கத்தான் முயல்கிறேன்; இரண்டு வரி தாண்டிய பின்னரே பார்க்கத் தொடங்குகிறேன்.