அய்யாவின் பேனாக்கத்தியும் ஒரு மடக்கெழுத்தாணியும்

போன பொங்கலுக்கு அன்னவாசல் போயிருந்தப்போ பரண்ல கிடந்த தகரப்பெட்டியை இறக்கினேன். எங்க அய்யாவோட பெட்டி. (எங்க பக்கம் அப்பாவோட அப்பாவை அய்யான்னுதான் கூப்பிடுவோம்.) உடைஞ்ச மூக்குக் கண்ணாடி, நாலஞ்சு பழைய ரசீது, அதுக்கெல்லாம் அடியில ஒரு மடக்குக் கத்தி. மாட்டுக்கொம்புப் பிடி, உள்பக்கம் பித்தளைத் தகடு. துரு ஏறி திறக்கவே வரலை.

அய்யா ரைஸ்மில்லுல கணக்கு எழுதினவர். பென்சில் சீவ, வெத்தலைக் காம்பு நறுக்க, கொய்யாப்பழம் வெட்ட, எல்லாத்துக்கும் இந்த ஒரு கத்திதான். அப்பத்தா இதை 'பேனாக்கத்தி'ன்னுதான் சொல்லும். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்னு சின்ன வயசுல நான் கேட்டதே இல்லை.

பொட்டி தட்டுறவன் கையில எது கிடைச்சாலும் பிரிச்சுப் பார்க்காம விடுவானா? பிரிச்சேன். மூணு தப்பு பண்ணினேன்.

முதல் தப்பு, ஸ்க்ரூ தேடினது. இந்த மாதிரி பழைய கத்திகள்ல ஸ்க்ரூவே கிடையாது. அலகு, அதுக்குப் பின்னால முதுகுப்பக்கமா ஒரு பட்டை ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் தகடு, அதுக்கு மேல கொம்பு. எல்லாத்தையும் ஊடுருவி மூணு ஆணி. ரெண்டு முனையையும் சுத்தியலால தட்டித் தட்டி விரிச்சுவிட்டிருப்பாங்க. ரெண்டாவது தப்பு, அந்த ஆணித் தலையை அரத்தால ராவி எடுத்துட்டு, ஒரு கம்பியை வச்சு அடிச்சுத் தள்ளினது. ஸ்பிரிங் இழுவிசையில இருந்திருக்கு, துள்ளி எகிறிடுச்சு. ஆணித் துளைகிட்ட கொம்பு விரிசல் விட்டுடுச்சு. மூணாவது தப்புதான் பெருசு. அலகை உப்புத்தாள் போட்டு நல்லா பளபளன்னு தேய்ச்சேன். தேய்ச்சு முடிச்சு வெளிச்சத்துல பார்த்தா, அலகோட அடியில, மடிப்புக்குப் பக்கத்துல, ஏதோ எழுத்து இருந்த தடம். ரெண்டு எழுத்துதான் மிச்சம். அதுவும் சரியா தெரியலை.

செஞ்சவங்க பேரையும் ஊரையும் அந்த இடத்துலதான் அடிப்பாங்க. அய்யா கத்தி ஷெஃபீல்டுல இருந்து வந்துச்சா, ஜெர்மனி சோலிங்கன்ல இருந்து வந்துச்சா, இல்ல நம்ம ஊர்லயே செஞ்சதா, இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் படிக்க ஆரம்பிச்சேன்.

மடக்குக் கத்தி ஒண்ணும் புதுசு இல்லை. ஆஸ்திரியாவுல ஹால்ஷ்டாட்ங்கற இடத்துல கிடைச்சது ரெண்டாயிரத்து ஐநூறு வருஷப் பழசு. ரோமானியர்களும் வச்சிருந்தாங்க. ஆனா அதெல்லாம் ஸ்பிரிங் இல்லாத கத்தி, அலகு பாட்டுக்கு ஆடும். 'டக்'னு நிக்கிற முதுகு ஸ்பிரிங் 17ஆம் நூற்றாண்டுல ஷெஃபீல்டு பக்கம் பரவினது. அப்போ அங்கே எழுத்து வேலைக்கு வாத்து இறகு. முனை மழுங்க மழுங்கச் சீவணும், அதுக்கு ஒரு சின்னக் கத்தி. லத்தீன்ல 'பென்னா'ன்னா இறகு. நம்ம 'பேனா'வும் போர்ச்சுகீசியர் வழியா அங்கிருந்து வந்ததுதான். ஆக பேனாக்கத்தின்னா பேனா சீவுற கத்தி. 19ஆம் நூற்றாண்டுல பர்மிங்ஹாம் பட்டறைகள் இரும்பு நிப்பை லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளினதும் இறகுக்கு வேலை போச்சு. பேர் மட்டும் நின்னுடுச்சு.

இதுல நமக்கு என்ன பங்குன்னு தேடினப்போதான் உ.வே.சா. கிடைச்சார். 'என் சரித்திரம்' 1940ல இருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. தான் பாடம் கேட்ட காலத்து ஏட்டுச்சுவடி எழுதுற முறையைச் சொல்லும்போது எழுத்தாணி வகைகளையும் சொல்றார். குண்டெழுத்தாணிக்குக் கனமான கொண்டை, எழுத்து பருமனா விழும், புதுசா எழுதப் பழகறவங்களுக்கு. வாரெழுத்தாணியில ஒரு பக்கம் ஆணி, இன்னொரு பக்கம் ஓலை வாருற கத்தி. மூணாவது மடக்கெழுத்தாணி. மடக்கினா மரம், தந்தம் இல்லேன்னா மாட்டுக்கொம்புல செஞ்ச பிடிக்குள்ள அடங்கிடும்.

மாட்டுக்கொம்புப் பிடி! என் மேஜை மேல விரிசல் விட்டுக் கிடந்ததும் அதேதானே.

யோசிச்சுப் பாருங்க. அங்கே இறகு சீவ ஒரு கத்தி, இங்கே ஓலை வார ஒரு கத்தி. எழுதறவன் இடுப்புல செருகிக்கிட்டு ஊர் ஊராப் போகணும், முனை குத்தக் கூடாது. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பிரச்சினை, ரெண்டு பேரும் மடக்கிட்டாங்க. யார் யாரைப் பார்த்துச் செஞ்சாங்கன்னு நான் சண்டைக்கு வரலை :-)

எங்க ஊருக்கு இதுல தனி உரிமை உண்டு. சித்தன்னவாசல் மலை இங்கிருந்து சைக்கிள் தூரம். ஏழடிப்பட்டம் குகையில வழவழன்னு செதுக்கின கல்படுக்கைகள் இருக்கு. அதுல ஒரு படுக்கையில தமிழி எழுத்து, கி.மு. 1ஆம் நூற்றாண்டு வாக்குல வெட்டினது. உளிக்கு வசதியா கோடு கோடா நிக்கிற எழுத்து. ஓலைக்கு மாறினப்புறம் அதே எழுத்து உருண்டுபோச்சு, நேர்கோடு ஓலையைக் கிழிச்சிடும்னு சொல்றாங்க. கல்லுல உளி, ஓலையில எழுத்தாணி, காகிதத்துக்கு நிப்பு. எல்லாமே இரும்புதான். 1887ல சீவகசிந்தாமணியை அச்சுல கொண்டுவந்த உ.வே.சா. மாதிரி ஆட்கள் ஓலையில இருந்ததைக் காகிதத்துக்கு மாத்தி முடிச்சப்போ, மடக்கெழுத்தாணிக்கும் வேலை போச்சு. அந்த இடுப்பு மடிப்புக்குள்ள பேனாக்கத்தி வந்து உட்கார்ந்துக்கிச்சு. கணக்கப்பிள்ளை எங்க அய்யா கைக்கு அது வந்து சேர்ந்தது தற்செயல் இல்லைன்னு நான் நினைக்கறேன்.

சரி, கத்திக்கு வருவோம். உள்ளூர் கொல்லுப்பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். ஆசாரி திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இது பிரிக்கிறதுக்குச் செஞ்சது இல்லப்பா, கெட்டியா இருக்கறதுக்குச் செஞ்சது"ன்னார். பித்தளைக் கம்பியை நறுக்கி மூணு ஆணி போட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் அலகைத் திறந்து மூடிப் பார்த்தார். ஆணி இறுகினா அலகு அசையாது, தளர்ந்தா ஆடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது அரைத் தட்டுதான்.

ஆன்சைட் போனவன் வாங்கிட்டு வர சுவிஸ் கத்திக்கும் இதே கதைதான். சுவிஸ் ராணுவம் 1889 மாடல் துப்பாக்கியைப் பிரிச்சு மாட்ட ஸ்க்ரூ டிரைவர் வச்ச மடக்குக் கத்தி கேட்டு வாங்குச்சு. ஊர்ல இருக்கற எல்லாத்தையும் பிரிக்கும் அந்தக் கத்தியும் ஆணி அடிச்சதுதான், அதைப் பிரிக்க முடியாது.

உங்க வீட்டுப் பெட்டியிலயும் ஒண்ணு கிடக்கலாம். ஆணி அடிச்ச கத்தின்னா பிரிக்காதீங்க. துரு பிடிச்சு இறுகியிருந்தா மடிப்புல மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைங்க. மறுநாள் மெதுவா அசைச்சா வரும். அப்புறம் வெதுவெதுன்னு சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ். துடைச்சு நல்லா காயவிட்டு, மடிப்புல ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகி ஒட்டும். கொம்புப் பிடியைத் தண்ணியில ஊறப்போடாதீங்க, நெளிஞ்சுடும். அலகுல இருக்கற கறுப்பைத் தேய்க்காதீங்க. செந்துருதான் அரிக்கும், அந்தக் கறுப்பு ஒண்ணும் செய்யாது. முக்கியமா, அலகோட அடியில எழுத்து இருக்கான்னு முதல்ல பார்த்துட்டு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாகிட்ட கொடுத்தேன். நாலு தடவை திறந்து மூடினார். காதுகிட்ட வச்சும் ஒரு தடவை மூடிப் பார்த்தார்.

"சத்தம் மாறிப்போச்சுடா"ன்னு சொல்லிட்டு, சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.