கயிறும் கப்பியும்: புதுவைக் கடலோரப் படகுக்கலையில் ஒரு பக்கம்

கடலைப் பாடிய தமிழ்ப் புலவர் அலையைப் பாடினர், கலத்தைப் பாடினர், காற்றில் விரிந்த பாயைப் பாடினர். அப்பாயை ஏற்றி இறக்கிய கயிற்றுக்கு அத்துணை இடம் தந்தாரில்லை. எனினும், உப்பை விற்று நெல்லொடு திரும்பிய படகுகள் பந்தியிற் கட்டிய குதிரைகளைப் போலப் பிணிக்கப்பட்டு நின்ற காட்சியைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ, படகுக்குக் கயிறு அப்படி. அக்கயிற்றை இழுக்கவும் பிடிக்கவும் நிறுத்தவும் மனிதன் செய்துகொண்ட கருவிகளின் வரலாற்றைப் புதுவைக் கரையில் நின்று நோக்கினால், அது புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவதைக் காணலாம்.

ஆணியின்றி அமைந்த கலங்கள்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், இக்கரையின் துறைகளுள் ஒன்றாகப் ‘பொதுகே’யைக் குறிக்கிறது. புதுவையை அடுத்து அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடே அத்துறை என்பது அறிஞர் பலரின் கருத்து. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வு, உரோம நாட்டு வணிகத் தொடர்பை உலகறியச் செய்தது. அதே கிரேக்க நூல், பெருமரங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் கலங்களையும் கூறுகிறது. கலம் செய்வதற்குக் கட்டுதலே வழியாக இருந்தமைக்கு அது பழஞ்சான்று.

கட்டுமரத்தின் பெயரே அதன் இலக்கணம். மரங்களை அடுக்கிக் கயிற்றால் இறுக்குவர். கரை திரும்பியதும் கட்டவிழ்த்து உலர்த்துவர். மீண்டும் கடலேறும்போது மீண்டும் கட்டுவர். ஆணி அறைந்த கலத்தை இவ்வாறு நாள்தோறும் பிரித்துச் சேர்த்தல் இயலாது. பாயின் கயிற்றைக் கையே பிடித்தது. தளர்த்துவதா இறுக்குவதா என்பதைக் காற்றின் அழுத்தம் அந்தக் கைக்கு நேரே சொல்லிற்று.

1674-ல் பிரான்சுவா மார்த்தேன் இங்குப் பிரெஞ்சுக் குடியிருப்பை நிலைநாட்டியபோது, பெருங்கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. சரக்கையும் மாந்தரையும் கரை சேர்த்தது சலங்கு என்னும் தையற்படகு. பலகைகளின் இடையே வைக்கோலை வைத்துத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்த படகு அது; உள்ளே விலாச்சட்டம் கிடையாது. ஆணியடித்த ஐரோப்பியப் படகு கரையலையில் மோதிப் பிளந்தது. சலங்கோ அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுத்து மீண்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கப்பல்களின் வரவையும் போக்கையும் ஆர்வத்தோடு பதிவு செய்கிறது. அவ்வணிகம் முழுவதும் இறுதி ஒரு கல் தொலைவில் நார்க்கயிற்றையே நம்பியிருந்தது எனலாம். 1866-ல் இரும்புத் தூண்களின்மேல் அமைந்த கப்பல் பாலம் வந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கிற்று. அப்பாலமும் 1952-ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது.

கப்பியின் காலம்

நங்கூரமிட்டு நின்ற அக்கப்பல்களில் வேறோர் உலகம் இருந்தது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கப்பிகள் கயிறுகளைத் தாங்கின. கப்பி, ஆளின் வலிமையைப் பெருக்குவது. பாதி விசையால் இழுக்கலாம், ஆனால் இரு மடங்கு நீளம் இழுக்க வேண்டும். உருளையில் கயிற்றைச் சுற்றுவது மற்றொரு முறை. உராய்வெண் கால் பங்கு எனக் கொண்டால், ஒரு சுற்றே பிடிப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும். மூன்று சுற்று, நூறு மடங்குக்கு மேலாக்கும்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது தாய்நாட்டை விட்டகன்ற மார்க் புருனேல், பின்னர் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையில் கப்பி செய்யும் இயந்திரங்களை வகுத்தார். 1808-ல் அவை ஓராண்டுக்கு 1,30,000 கப்பிகளைத் தந்தன. இயந்திரங்களைக் கொண்டே பெருந்தொகையாகப் பொருள் படைக்கும் முறைக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

தமிழ் மாலுமியரும் இக்கருவிகளை அறிந்தவரே. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையைப் பற்றும் கயிறு தாமான். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். இவற்றுட் சில, அரபு, பாரசீக மாலுமியரின் வாய்வழி வந்து தமிழான சொற்கள்.

பெயர் சென்றது, பொறி வந்தது

கட்டுமரம் என்ற சொல் ‘கேட்டமரான்’ ஆகி ஆங்கிலம் புகுந்தது. 1697-ல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூலில் அச்சொல்லைக் காணலாம். பிற்காலத்தில் அது பசிபிக் தீவினரின் இரட்டை உடற்படகுக்கும் பெயராயிற்று; வடிவம் அவர்களுடையது, பெயர் நம்முடையது. அமெரிக்கராகிய நத்தானியேல் ஹெர்ரஷாஃப் 1876-ல் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடற்படகைப் போட்டியில் ஓட்டி வென்றார். அதன் இரு உடல்களும் அலைக்கேற்பத் தனித்தனியே அசையும்படி மூட்டுகள் அமைத்திருந்தார். சலங்கின் தையல் செய்த வேலையை அங்கு உலோக மூட்டு செய்தது. கயிற்றைச் சுற்றி நிறுத்தும் இருகொம்புப் பிடி ஒன்றும் இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதன்பின் சிறு பாய்ப்படகின் தளம் பொறிகளால் நிறைந்தது: வின்ச், பற்களால் கயிற்றைக் கவ்வும் பிடி, எஃகுக் கப்பி, எஃகு வளையம். நால்வர் இழுத்த பாயை ஒருவர் இழுக்க முடிந்தது, அது பெரும்பேறு. ஆனால் உப்புக்காற்றில் உலோகம் அரித்தது. திருகாணி போட்ட துளைவழியே நீர் கசிந்து தளத்தை உளுக்கச் செய்தது. எஃகின் உள்வெடிப்பு கண்ணுக்குப் புலப்படாமல் திடீரென முறிந்தது. கயிறோ தேய்வதை முன்னமே காட்டும்.

ஆகவே நம் காலத்தில் ‘புதுப்பித்தல்’ எதிர்த்திசையில் நடக்கிறது. ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரம் (1928–2021), பசிபிக் மரபைப் பின்பற்றித் தம் படகுகளின் குறுக்குச் சட்டங்களைக் கயிற்றாலேயே கட்டினார். எடைக்கு எடை எஃகினும் பன்மடங்கு வலிய டைனீமா இழை வந்தபின், எஃகு வளையத்துக்கு மாற்றாகக் கயிற்று முடிச்சும், சிற்சில இடங்களில் கப்பிக்கு மாற்றாக வழவழப்பான வெறும் வளையமும் பந்தயப் படகுகளிலேயே இடம்பெறுகின்றன.

நம் கரையில்

கட்டும் கலையை உலகம் மீண்டும் கற்கும் இந்நாளில், அதனைக் காத்த கரை அதை மறந்துகொண்டிருக்கிறது. இயந்திரம் வந்தது; பாய் சுருண்டது. 2004 டிசம்பர் 26-ல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெரிதும் கொண்டன. இதில் மீனவரைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. புயலுக்கு முன் வீடு திரும்பவும், மீன் கெடுமுன் சந்தை சேரவும் உதவுவது இயந்திரமே. ஆயினும் பிற நாடுகளில் பாய்ப்படகின் கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்தன; இங்கோ பாயோடு கயிற்றறிவும் ஒருங்கே கரையேறிவிட்டது.

கருவி அழிந்தால் அருங்காட்சியகத்தில் ஒன்றை வைக்கலாம். கை அறிந்த முடிச்சையும் வாய் அறிந்த சொல்லையும் அவ்வாறு வைக்க இயலாது. வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் பாய்விரித்துக் கடலோடிய முதியோரிடம், எந்தக் கயிற்றுக்கு என்ன பெயர், எந்த முடிச்சு எந்தக் காற்றுக்கு என்று கேட்டெழுதுவது ஆய்வாளர் பணி மட்டுமன்று. பாரதியார் பத்தாண்டு வாழ்ந்த, பாரதிதாசன் பிறந்த இவ்வூரில், சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கும் அது கடமையே. ஆஞ்சான் என்ற சொல்லைப் பாயேற்றிய ஒருவர் வாயிலிருந்து கேட்கும் வாய்ப்பு இனி நெடுநாள் நில்லாது.